அடிமைத் தளையை அறுப்பதும் இபாதத்தே!

ஈமான் உள்ளத்தில் இருப்பது. அதன் அடையாளமோ நம் செயலில் தெரிய வேண்டும். திருமறையின் 90ஆம் அத்தியாயமாகிய 'அல்பலத்' நன்மையின் வழியைக் கடத்தற்கரிய கணவாயாகக் காட்டுகிறது. அதில் ஏறுவோருக்கு முதலாவதாகச் சொல்லப்படுவது அடிமையை விடுவித்தல். அடுத்தது பசித்தவருக்கு உணவளித்தல்.

"அடிமைகள் இன்று ஏது?" எனச் சிலர் வினவலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு ஒரு செங்கற்சூளையிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். முன்பணம் என்னும் கடனே அவர்களைப் பிணித்த விலங்கு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ இத்தகைய கடனையே செல்லாததாக்கிவிட்டது. ஆகவே, மீட்பதற்கு முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவிப்பதே நம் கடமை. மீண்டவரின் உணவுக்கும் உடைக்கும் நம் ஸதகா உதவட்டும். அதற்கு மதம் தடையன்று.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதியாக நிற்பான் என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வடமாநிலத்தவரை வேலைக்கு வைத்திருப்போர் இதைச் சிந்திக்கட்டும். பள்ளிவாசல் கட்டச் செங்கல் வாங்குகையில், விலையோடு நின்றுவிடாமல், அறுத்தவருக்குக் கூலி கிடைத்ததா, விரும்பியபோது அவர் ஊர் திரும்ப முடியுமா என்றும் கேட்போம். நாம் ஸுஜூது செய்யும் இடம் பிறர் கண்ணீரால் எழும்பியதாக இருக்கலாகாது.

வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.