வாங்கும் முன் ஒரு கேப்போ சோதனை

கேள்வி: என்னிடம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் இருக்கிறது. 10-46 கம்பி. நண்பனின் லெஸ் பாலிலும் அதே செட்தான், ஆனால் அதில் பெண்ட் இழுத்த இழுப்புக்கு வருகிறது. என் கை சிறியது; எஃப் கார்டு பிடிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகிறது. லெஸ் பால் மாதிரி ஒன்று வாங்கிவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் உணர்ந்தது பிரமை இல்லை. ஸ்ட்ராட்டின் ஸ்கேல் லெங்த் 25.5 அங்குலம். லெஸ் பாலுக்கு 24.75 என்பார்கள், அளந்தால் பலவற்றில் ஒரு நூல் குறைவாகவே வரும். (அளப்பதென்றால் நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். பிரிட்ஜ் வரை அளக்க வேண்டாம். சேடில்கள் இன்டொனேஷனுக்காக முன்னும் பின்னும் நகர்ந்திருக்கும்.)

ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு முறுக்கும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. இந்த முக்கால் அங்குலத்துக்குச் சுமார் 6 சதவீதம். ஆனால் கம்பியின் தடிமனும் வர்க்கக் கணக்குதான். முதல் கம்பியை 10-லிருந்து 9.5-க்கு மாற்றினாலே கிட்டத்தட்ட 10 சதவீதம் இறங்கிவிடும். பெண்ட் மட்டும்தான் பிரச்சினை என்றால், 9.5 செட் ஒன்று மாட்டினாலே ஸ்ட்ராட்டில் லெஸ் பாலின் இளக்கத்தைத் தாண்டிவிடுவீர்கள். டிரெமோலோ மிதக்கிறதென்றால் பின்னால் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும்.

கம்பி மாற்றிச் சரிசெய்ய முடியாதது விரல் எட்டும் தூரம். நட்டிலிருந்து மூன்றாவது ஃபிரெட் வரை ஸ்ட்ராட்டில் 103 மில்லிமீட்டர், லெஸ் பாலில் 100. இந்த மூன்று மில்லிமீட்டருக்காகப் புதுக் கிட்டாரா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி, முதல் ஃபிரெட்டில் கேப்போ போடுங்கள். சுருதி பழையபடி வந்துவிடும். உங்கள் கையில் இருப்பது இப்போது 24 அங்குலக் கிட்டார், ஏறத்தாழ ஃபெண்டர் ஜாகுவாரின் அளவு. லெஸ் பாலைவிடவும் குட்டை. இதிலும் விரல் திணறினால் லெஸ் பால் வாங்கிப் பயனில்லை.

எஃப் கார்டைப் பொறுத்தவரை என் சந்தேகம் ஸ்கேல் மேல் இல்லை, நட் மேல்தான். கேப்போவைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறதென்று பாருங்கள். தாள் கனம் போதும். அதற்கு மேல் இருந்தால் நட் பள்ளத்தை அராவித் தாழ்த்த வேண்டும். இதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கூடுதலாக அராவிவிட்டால் நட்டையே மாற்றும்படி ஆகும்.

கேள்வி: 24.75 அங்குலக் கிட்டாரில் டிராப் சி டியூனிங் வைத்தால் ஆறாவது கம்பி தொளதொளவென்று ஆடுகிறது. நீளக் கிட்டார்தான் வழியா?
- வாசகி, திருச்சி

பதில்: 46 கம்பியை ‘இ’-யிலிருந்து ‘சி’-க்கு இறக்கினால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அந்த இடத்தில் 56 போடுங்கள். பழைய இறுக்கத்துக்குப் பக்கத்தில் வரும். தடித்த கம்பி உட்கார நட் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியிருக்கும். 27 அங்குல பாரிடோன் எடுத்தால் இவ்வளவு தடிமன் தேவைப்படாது, ஒலியும் தெளிவாக இருக்கும். ஆனால் பெண்டுகள் கடினமாகும். தொளதொளப்பை வேண்டியே வைத்துக்கொண்டவரும் உண்டு. பிளாக் சபாத்தின் டோனி அயோமிக்குப் பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில், ஃபிரெட் பிடிக்கும் கையின் இரண்டு விரல்நுனிகள் போயின. மெல்லிய கம்பி மாட்டி, 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் பல பாடல்களில் மூன்று அரை ஸ்வரம் இறக்கி வாசித்தார். அவர் கையில் இருந்ததும் கிப்சன் எஸ்ஜி என்ற குட்டை ஸ்கேல் கிட்டார்தான்.