மோட்டார் சைக்கிளில் சக்தி செல்லும் வழி: தேய்மானத்தைக் கண்டறிதலும் சீர்செய்தலும்

மோட்டார் சைக்கிள் ஒன்று ஓடும்போது அதன் அடிப்பாகத்திலிருந்து புதிதாக ஓர் இரைச்சல் எழுமானால், உடையவர் முதலில் சந்தேகிப்பது கியர்ப் பெட்டியைத்தான். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, குறை ஏதும் காணாமல் மீண்டும் பூட்டிய பின்னரும் இரைச்சல் நீங்காமலிருப்பது உண்டு. தேய்ந்த சங்கிலியே அதற்குக் காரணமாய் இருந்திருக்கும். கூலியும் காலமும் வீணாவதோடு இது முடிவதில்லை. தேய்ந்த சங்கிலி மலைப்பாதையில் அறுந்து, பற்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் இடையே சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். எனவே, பிரிப்பதற்கு முன்னர்க் குறை இருக்கும் இடத்தை அறிதல் இன்றியமையாதது.

1955ஆம் ஆண்டில் சென்னையில் கூட்டிணைக்கத் தொடங்கப்பெற்று, பின்னர் முழுவதும் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட புல்லட் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பர்மிங்காம் நகரின் ஆல்பியன் நிறுவனம் வகுத்த நான்கு வேகக் கியர்ப் பெட்டியே பல்லாண்டுகள் அதில் பொருத்தப்பட்டு வந்தது. அப்பெட்டியுள்ள பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. இவ்வண்டியில் என்ஜினின் சக்தி முதலில் இரட்டை வரிசைச் சங்கிலி ஒன்றின் வழியாகக் கிளச்சை அடைகிறது. கிளச்சிலிருந்து கியர்ப் பெட்டியின் முதன்மைத் தண்டுக்கும், அங்கிருந்து வெளியே உள்ள சிறிய பற்சக்கரத்துக்கும் செல்கிறது. பின்சங்கிலி அதனைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது.

வெளியில் இருப்பதை முதலிற் சோதிப்பதே முறை. சங்கிலி நீண்டுவிட்டது என்று பொதுவாகச் சொல்வர். எஃகுத் தகடுகள் இழுபட்டு நீள்வதாக எண்ணுவது தவறு. ஒவ்வொரு கணுவிலும் உள்ள ஊசியும், அதனைச் சூழ்ந்த புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒரு கணுவில் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால், நூறு கணுக்கள் கொண்ட சங்கிலியில் அதுவே 10 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. கணுக்களின் இடைவெளி ⅝ அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர் உள்ள சங்கிலியை இழுத்துப் பிடித்து, முதல் ஊசியின் நடுவிலிருந்து இருபத்தொன்றாம் ஊசியின் நடு வரை அளக்க வேண்டும். புதிய சங்கிலியில் இது 317.5 மில்லிமீட்டர் இருக்கும். சுமார் 323 மில்லிமீட்டரை எட்டினால் அச்சங்கிலியின் ஆயுள் முடிந்தது எனக் கொள்ளலாம். தேய்மானம் எங்கும் ஒரே சீராய் இராது. ஆகையால் மூன்று நான்கு இடங்களில் அளப்பது நல்லது.

அளவுகோல் இல்லாதவிடத்து, பெரிய பற்சக்கரத்தின் பின்புறத்தில் சங்கிலியை விரலாற் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கலாம். பல்லின் பாதி வெளியே தெரியுமாயின் சங்கிலி தேய்ந்துவிட்டது. கணுக்களின் இடைவெளி பெருகியதால் அது பற்களின் அடியில் அமராமல் மேலேறி நிற்கிறது. அத்தகைய சங்கிலி பற்களையும் ஒரு புறமாக அரித்துக் கொக்கி போல் வளைக்கிறது. இந்நிலையில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டுச் சங்கிலியைக் குறுக்கி மாட்டும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தொய்வு மறையும், இடைவெளி மாறாது, அரிப்பும் நிற்காது. புதிய சங்கிலியைப் பழைய பற்சக்கரங்களின் மேல் மாட்டுவதும் சிக்கனம் ஆகாது. மூன்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும்.

தொய்வைச் சரிசெய்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. கியர்ப் பெட்டியின் பற்சக்கரம், பின் கவையின் கீல், பின்சக்கரத்தின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் சங்கிலி மிக இறுக்கமாகிறது. வண்டி தாங்கியில் நிற்கையில் இறுக்கமாக வைத்த சங்கிலி, இருவர் ஏறி அமர்ந்ததும் வில் நாண் போல் விறைத்து, கியர்ப் பெட்டியின் பேரிங்கை இழுத்துச் சிதைக்கும். சக்கரத்தைச் சுழற்றி மிக இறுக்கமான இடத்தைக் கண்டு, வண்டியின் மேல் ஆள் அமர்ந்த நிலையில் அங்கே ஓரங்குல அளவு அசைவு இருக்குமாறு அமைத்தல் வேண்டும். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை, சங்கிலி செல்லும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும்.

சங்கிலியில் குறை இல்லையெனத் தெளிந்த பின்னரே பெட்டியை ஆராய வேண்டும். இங்கே காதும், பெட்டியின் அமைப்பைப் பற்றிய அறிவும் துணை புரிகின்றன. முதல் மூன்று கியர்களில் சக்தி முதன்மைத் தண்டிலிருந்து கீழேயுள்ள துணைத் தண்டுக்கு இறங்கி, மீண்டும் மேலேறி, முதன்மைத் தண்டைச் சூழ்ந்துள்ள குழல் கியரை அடைகிறது. வெளிப் பற்சக்கரம் இக்குழல் கியரிலேயே பூட்டப்பட்டுள்ளது. நான்காவது கியரிலோ முதன்மைத் தண்டு குழல் கியருடன் நேரே பிணைகிறது. துணைத் தண்டு சுமையின்றி வெறுமனே சுழலும். எனவே, மூன்று கியர்களில் எழுந்த முனகல் நான்காவதில் அடங்கிவிட்டால் துணைத் தண்டின் புஷ்களையோ பற்களையோ ஐயுற வேண்டும். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால், அந்தக் கியர் இணையே காரணம். நான்கிலும் கேட்டால் குழல் கியரின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கையில், நியூட்ரலில் கேட்கும் ஒலி கிளச்சுப் பிடியை இழுத்ததும் மறைந்தால் அது பெட்டிக்குள்ளிருந்து வருவது. மறையாவிடில் அது என்ஜினையோ முதற் சங்கிலியையோ சார்ந்தது. இழுத்த பிறகே ஒலி தோன்றுமாயின் கிளச்சைச் சோதிக்க வேண்டும்.

ஏற்றத்தில் கியர் தானாக விலகி நியூட்ரலுக்குத் தாவுவது மற்றொரு நோய். கியர்களின் பக்கவாட்டில் கொம்புகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் பிணைப்புப் பற்கள் ஒன்றோடொன்று கவ்வுவதால்தான் கியர் நிலைக்கிறது. அவற்றின் முனைகள் மழுங்கினால் சுமையே அவற்றைப் பிரித்துத் தள்ளும். எனினும், கால் நெம்புகோலின் சரிக்கட்டு பிறழ்ந்தாலும், கவை தேய்ந்தாலும் பற்கள் முழு ஆழத்திற்குக் கவ்வாமல் இதே குறி தோன்றும். ஆகவே வெளிச் சரிக்கட்டை முதலிற் பார்ப்பது அறிவுடைமை.

பழைய எண்ணெயும் சாட்சி சொல்லும். நுண்ணிய சாம்பல் நிறக் குழம்பு இயல்பான தேய்மானமே. பொன்னிறத் துகள் வெண்கலப் புஷ் தேய்வதைக் காட்டும். கூரிய விளிம்புடைய எஃகுச் செதில்கள் காணப்பட்டால் அதற்குமேல் வண்டியை ஓட்டலாகாது.

பழுது நீக்கும்போது மழுங்கிய பற்களை அரத்தால் ராவிக் கூராக்கும் முயற்சி நிலைப்பதில்லை. இவற்றின் கடினம் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கில் மட்டுமே உள்ளது. அரம் அதனைப் போக்கிவிட்டால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவில் மீண்டும் மழுங்கும். கவ்வும் இரு கியர்களையும் இணையாக மாற்றுவதே வழி. புதிய புஷ்ஷை அழுத்திச் செலுத்தும்போது அதன் துளை சிறிது சுருங்கும். ஆதலால் பின்னர் ரீமரால் அளவுக்குக் கடைதல் வேண்டும். பூட்டி முடித்ததும் தண்டுகள் கையாற் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். நான்கு கியர்களும் ஒவ்வொன்றாக விழுகின்றனவா என்று மூடியை இறுக்குமுன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இப்பழைய பெட்டிகளில் கிரீசும் எண்ணெயும் கலந்து இடுவது வழக்கம். புதிய சங்கிலி தொடக்கத்தில் சற்று விரைவாகத் தளரும். எனவே சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதன் தொய்வை மீண்டும் ஒருமுறை சரிபார்த்து அமைத்தல் வேண்டும்.