வக்கீல் ஆக எந்த டிகிரி படிக்கலாம்?

பிளஸ் டூ முடித்தவுடன் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேருவது ஒரு வழி. முதலில் ஒரு டிகிரி, பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. என்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: டிகிரிக்கு என்ன எடுப்பது?

விதிப்படி பார்த்தால் எந்தப் பட்டமும் செல்லும். பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. விலங்கியல், பி.இ. மெக்கானிக்கல் படித்த மூவரும் சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காரலாம். ஆனால் முதல் செமஸ்டரிலேயே யாருக்குக் கை ஓடுகிறது, யார் திணறுகிறார் என்பது தெரிந்துவிடும். மேஜர் எதுவாக இருந்தாலும் சரி, அதற்குள் இருக்கும் தாள்களைச் சட்டத்தை மனதில் வைத்துப் படித்தவருக்கு அங்கே பாதி வேலை முடிந்திருக்கும்.

தகுதியை முதலில் பாருங்கள்

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, பொதுப் பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் குறைந்தது 45 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசையும் முக்கியம். பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இடம் கிடையாது. இதைக் கவனிக்காமல் மூன்று வருடம் செலவழித்துவிட்டுக் கவுன்சலிங்கில் போய் நிற்காதீர்கள்.

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை. டிகிரி மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. டெல்லி பல்கலைக்கழகம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆகவே தமிழ்நாட்டிலேயே படிக்கப் போகிறவருக்கு முதல் விதி இதுதான்: உங்களால் நன்றாக மார்க் வாங்க முடிகிற பாடத்தை எடுங்கள். ‘சட்டத்துக்கு உதவும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, பிடிக்காத மேஜரில் சேர்ந்து அரியரோடு போராடுவதில் லாபம் இல்லை.

எந்த மேஜர் எதற்குக் கைகொடுக்கும்?

பி.காம்.: வணிகச் சட்டத் தாளிலேயே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும் வந்துவிடும். எல்.எல்.பி.யில் இவை மறுபடி வரும்போது புதிதாகத் தெரியாது. செக் பவுன்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி தகவல் தந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்கும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தேதி பார்த்துப் பழகிய கண் இதில் தவறாது.

வரலாறு, அரசியல் அறிவியல்: அரசமைப்புச் சட்டத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை. 1951-இல், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம்தரும் 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. அந்த அரசாணை ஏன் பிறந்தது என்று அறிந்தவருக்கு இது மனப்பாடம் செய்யும் வழக்கு அல்ல, தெரிந்த கதை.

பொருளியல், கணிதம்: வக்கீலுக்குக் கணக்கு எதற்கு என்பவர்கள் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கைப் பார்க்கட்டும். மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்த 30 வயது ஆட்டோ ஓட்டுநர் விபத்தில் இறந்துவிடுகிறார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தவர்கள். சுயதொழில், வயது 40-க்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 28,000. சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக 42,84,000 ரூபாய். சர்ளா வர்மா (2009), பிரணய் சேதி (2017) தீர்ப்புகள் வகுத்த கணக்கு இது. மனுவில் தாயின் பெயரை விட்டுவிட்டால் சார்ந்தவர்கள் மூன்று பேராகிவிடுவார்கள். கழிவு மூன்றில் ஒரு பங்காக உயரும். அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம் 4,76,000 ரூபாய்.

அறிவியல், பொறியியல்: காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல், தொழில்நுட்பப் பட்டம் கட்டாயம். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குக் காப்புரிமை கேட்டு நோவார்டிஸ் நிறுவனம் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். 2013-இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று முடித்தது. வழக்கின் மையமே ஒரு வேதிப்பொருளின் படிக வடிவம், பழைய வடிவத்தைவிடக் கூடுதல் மருத்துவப் பலன் தருகிறதா என்பது. வேதியியல் படித்த வக்கீலுக்கு இங்கே தனி மரியாதை.

தமிழ், ஆங்கில இலக்கியம்: நீண்ட பத்தியைப் படித்துச் சாரத்தைப் பிடிப்பதும், சொன்னதற்கு ஆதாரம் காட்டி எழுதுவதும் இந்த மாணவர்களுக்குப் பழகிய வேலை. சட்டக் கல்லூரித் தேர்வில் கேட்பதும் அதையேதான்.

பகுதி 1, பகுதி 2-ஐ அலட்சியப்படுத்தாதீர்கள்

மேஜர் மார்க்கைத் துரத்தும் மாணவர்கள் தமிழையும் ஆங்கிலத்தையும் பாஸ் ஆனால் போதும் என்று விடுகிறார்கள். வக்கீல் தொழிலுக்கு இது பெரிய இழப்பு. கட்சிக்காரர் நடந்ததைத் தமிழில் சொல்வார். கீழமை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில் பதிவாகும். அதே வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போனால் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் நீதிபதி தேர்விலும் மொழிபெயர்ப்புக்கென்றே தனித் தாள் உண்டு. இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதுகிற ஜூனியரை எந்த சீனியரும் விடமாட்டார்.

அலைடு (துணைப்பாடம்), என்.எம்.இ. (மேஜர் அல்லாத விருப்பப் பாடம்) ஆகியவற்றில் உங்கள் கல்லூரி என்ன தருகிறது என்று பாருங்கள். மனித உரிமை, நுகர்வோர் பாதுகாப்பு, இந்திய அரசமைப்பு, தர்க்கவியல், புள்ளியியல் இருந்தால் எடுங்கள். ‘ஈஸி பேப்பர்’ என்று கூட்டத்தோடு போகாதீர்கள். கடைசி ஆண்டில் புராஜெக்ட் இருந்தால், உங்கள் பாடத்தையும் ஒரு சட்டத்தையும் இணைக்கும் தலைப்பாகக் கேட்டு வாங்குங்கள். விலங்கியல் மாணவர் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்தே ஒரு புராஜெக்ட் செய்துவிடலாம்.

ஆண்டு வாரியாக என்ன செய்யலாம்?

முதல் ஆண்டு: அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் பகுதியை, அதாவது 12 முதல் 35 வரையிலான பிரிவுகளை, மூலத்திலேயே படியுங்கள். கைடு வேண்டாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கலைச்சொற்கள் தானாகப் பழகும்.

இரண்டாம் ஆண்டு: வாரம் ஒரு தீர்ப்பு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படித்தபின் ஒரே பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: நடந்தது என்ன, சட்டக் கேள்வி என்ன, முடிவு என்ன, அதற்குச் சொன்ன காரணம் என்ன. கூடவே விடுமுறையில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள். மூடிய அறையில் நடக்கும் சிலவகை விசாரணைகளைத் தவிர மற்றவற்றைப் பொதுமக்கள் பார்க்கலாம். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து ஒரு குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். வாய்தா எப்படிக் கேட்கிறார்கள், நீதிபதி எதற்கு இசைகிறார், எதற்குக் கடிந்துகொள்கிறார் என்று கவனியுங்கள்.

மூன்றாம் ஆண்டு: குற்றவியல் சட்டத்தைத் தொடத் தொடங்கலாம். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்திய தண்டனைச் சட்டத்தை வாங்கிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலைக்கான தண்டனை 302-இலிருந்து 103-க்குப் போய்விட்டது. ஊரே அறிந்த 420 இப்போது 318-இல் இருக்கிறது.

விண்ணப்பம் போடுவதற்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு பரீட்சை வையுங்கள். இதுவரை படிக்காத, இருபது பக்கத் தீர்ப்பு ஒன்றை எடுங்கள். அதை ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பாக எழுதுங்கள். பிறகு சட்டமே தெரியாத வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் தமிழில் விளக்குங்கள். அவர் இடையில் கேட்கும் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தால், நீங்கள் வாங்கிய டிகிரி எதுவானாலும் அது சட்டக் கல்லூரிக்குப் போதுமானது.