பழைய லாரிக்கு எந்த ஆயில்?

சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கி ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கும் தம்பிக்குப் பட்டறையிலிருந்து சில வார்த்தை. நான் சொல்வதெல்லாம் டாடா 1613 மாதிரி, 5.9 லிட்டர் கம்மின்ஸ் டர்போ எஞ்சின் போட்ட வண்டிகளுக்கு. உன்னுடையது வேறு எஞ்சின் என்றால் அதற்குரிய புத்தகத்தைப் பார்த்துக்கொள்.

1. வண்டி பழசு என்ற ஒரே காரணத்துக்காக ஆயிலைக் கெட்டியாக்காதே. இந்த எஞ்சினுக்குக் கம்பெனி சொன்னது 15டபிள்யூ-40. எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும், எஞ்சின் நல்லபடியாக இருந்தால் அதுவே போதும்.

2. கேன் மேல் இருக்கும் நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள். பின்னால் வரும் 40தான் நமக்கு முக்கியம். 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்ற கணக்கு அது. 12.5 சென்டிஸ்டோக்கிலிருந்து 16.3க்குள் நின்றால் 40. அதற்கு மேல் 21.9 வரை 50. முன்னால் இருக்கும் 15டபிள்யூ, குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. அதைச் சோதிப்பதே மைனஸ் 20 டிகிரியில். நாமக்கல்லில் மார்கழி விடியற்காலையிலும் அந்தக் குளிர் வராது. ஆகவே 15டபிள்யூவா 20டபிள்யூவா என்று டீக்கடையில் கத்துவது தொண்டைக்குத்தான் கேடு. காஷ்மீருக்கு ஆப்பிள் லோடு ஏற்றப் போகிறவன் மட்டும் 15ஐ விட வேண்டாம்.

3. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் பிரஷர் முள் ஏறி நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. ஆறின ஆயிலில் ஏறத்தான் செய்யும். லோடோடு சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏறி, மேலே ஓரங்கட்டி, ஐடிலிங்கில் விட்டு அப்போது பார். 0.7 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது; முழு வேகத்தில் 2 கிலோவாவது நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தனி கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல். பல வண்டியில் சென்சார்தான் கோளாறு.

4. நிஜமாகவே பிரஷர் குறைவு என்று தெரிந்தாலும் உடனே 20டபிள்யூ-50 வாங்க ஓடாதே. முதலில் டிப்ஸ்டிக்கை உருவு. மட்டம் இறங்கியிருந்தால் ஒரு கதை. ஊற்றாமலே ஏறியிருந்தால் வேறு கதை. டீசல் உள்ளே இறங்குகிறது. முகர்ந்தாலே தெரிந்துவிடும். நாசில் ஒழுகலாம், ஃபீட் பம்ப் போயிருக்கலாம். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும். அதை வடித்துவிட்டு 50 ஊற்றினாலும், ஒழுகல் நிற்காதவரை அதுவும் நீர்த்துப்போகும். முள் கொஞ்ச நாள் நிமிர்ந்து நின்று மறுபடி விழும். அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை நகர்த்தாதே.

5. நீலப்புகைக்கு 50 போட்டால் கொஞ்சம் அடங்கும் என்பது மெய்தான். ஆயில் குடிக்கிற வண்டியை வைத்து சீசனை ஓட்டியாக வேண்டும் என்றால் போட்டுக்கொள், நான் திட்டமாட்டேன். ஆனால் கெட்டி ஆயில் காலையில் டர்போ வரை போய்ச் சேர நேரம் பிடிக்கும், டீசலும் கொஞ்சம் கூடப் போகும். ரிங், லைனர் வேலை தள்ளிப்போகுமே தவிர இல்லாமல் போகாது. அதற்கு முன்னால் டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பார். லேசான பிசுபிசுப்பு சகஜம். ஆயில் வழிந்தால் டர்போ சீலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அதற்குள் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதே.

6. ஆயில் கறுத்துவிட்டதே என்று பதறாதே. கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் டீசல் ஆயிலின் வேலை.

7. விரலில் தேய்த்துப் பார்த்து "இது தண்ணியாட்டம் இருக்கு" என்று சொல்பவரிடம், எந்தச் சூட்டில் தேய்த்தீர்கள் அண்ணே என்று கேள்.

8. நம்பர் சரியாக இருந்தால் போதாது, எழுத்தையும் பார். சி.எச்.-4, சி.ஐ.-4 பிளஸ், சி.கே.-4 எதுவும் ஆகும். எஃப்.ஏ.-4 என்றிருந்தால் தொடாதே; அது புது எஞ்சின்களுக்கான மெல்லிய ஆயில். 'எஸ்' எழுத்து மட்டும் போட்ட பெட்ரோல் வண்டி ஆயிலை விலை குறைவென்று ஊற்றாதே.

9. பேரலில் லூசாக விற்பதை வாங்காதே. தீர்ந்த கேனைக் கத்தியால் கிழித்த பிறகே பழைய சாமான்காரனிடம் போடு. முழுசாகப் போட்டால் அதே கேனில் கழிவு ஆயிலை நிரப்பி உன்னிடமே விற்பார்கள்.