எந்த வேலைக்கு எந்த அடுப்பு?

கேஸ் வந்ததிலிருந்து காபி முதல் குளிக்கிற வெந்நீர் வரை எல்லாமே அதில்தான். நம் காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் கொல்லை அடுப்பும் இருக்கு, கரண்டும் இருக்கு. வேலையைப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள், 14.2 கிலோ சிலிண்டர் தாராளமாக இன்னும் சில நாள் ஓடும்.

1. கைத்தறி நெசவாளர்களுக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். மற்ற வீடுகளுக்கும் ஓரளவு இலவசம் உண்டு. மீட்டரைப் பார்த்து, மிச்சம் இருந்தால் பால், டீ, முட்டை வேகவைப்பது எல்லாவற்றையும் இண்டக்‌ஷன் அடுப்பில் முடித்துவிடுங்கள். 2000 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான் கணக்கு.

2. வெந்நீருக்குக் கேஸைத் தொடவே வேண்டாம். தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி போதும். பற்றவைக்கப் பன்னாடைக்குள் ஒரு வில்லை சூடத்தைச் செருகுங்கள். பெட்ரோல் ஊற்றுகிற வீரமெல்லாம் நமக்கு எதற்கு?

3. விறகை ஐப்பசி மழைக்கு முன்பே வாங்கி அடுக்கிவிடுங்கள். இரண்டு கட்டையைத் தட்டினால் 'ணங்'கென்று கேட்க வேண்டும். 'தொப்'பென்றால் ஈரம், சூட்டில் ஒரு பங்கு அதை உலர்த்தவே போய்விடும். சட்டென்று பிடிக்கச் சவுக்கு, தணல் நின்று எரிய வேலிகாத்தான்.

4. புகை அடுப்பும் சாம்பிராணியும் தறிப் பக்கமோ புடவை பீரோ பக்கமோ வேண்டாம். சரிகையில் இருப்பது வெள்ளி, புகை பட்டால் கறுக்கும். இதற்காகவாவது தறி இருக்கும் அறையை ஒட்டிக் கரண்ட் அடுப்பை வைத்துக்கொள்ளலாம்.

5. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகிறது. அதே உயரத்துக்கு வீட்டில் கேஸில் வைத்தால் சிலிண்டருக்குக் கேடு. மந்தாரை இலையைச் சின்ன டம்ளர்களில் சுருட்டி வைத்து மாவை ஊற்றுங்கள், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆவி வந்ததும் தீயைச் சிம்மில் வைக்கலாம்; கொதிக்கிற தண்ணீர் பெரிய தீயிலும் அதற்கு மேல் சூடாகாது. சுக்கு, மிளகு, சீரகம், நெய் மட்டும் குறைக்காதீர்கள், அதில் சிக்கனம் பார்த்தால் அது காஞ்சிபுரம் இட்லியே இல்லை!

6. வெந்நீர் இறக்கியதும் கொட்டாங்குச்சித் தணலைப் பழைய டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள், காற்றில்லாமல் அணைந்து நல்ல கரியாகிவிடும். மறுநாள் சாம்பிராணிக்கும், கரிப்பெட்டியில் பருத்தித் துணி தேய்க்கவும் ஆகும். பட்டுக்கு மட்டும் கரிப்பெட்டி வேண்டாம், ஒரு பொறி பறந்தால் புடவை போச்சு. மூடிய அறையில் தணல் வைத்துத் தூங்குவதும் கூடாது, அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

7. கார்த்திகைக்குப் புது அகலை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள், எண்ணெய் குடிக்காது. வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயை விளக்கில் ஊற்றாதீர்கள். புகைந்து மாடத்தைக் கருக்கிவிடும்.

8. கேஸ் தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் கேஸும் வீண், தேய்க்கிற கையும் வீண்.

9. அடுப்போடு வண்டிக்கும் ஒரு வார்த்தை: மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியில் பெட்ரோலைத் தேக்காதீர்கள். இப்போது பங்கில் வருவதில் எத்தனால் கலப்பு இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். வரதர் வீதியுலா வரும் கருடசேவை நாளில் வண்டியே எடுக்காதீர்கள், அந்தக் கூட்டத்தில் நடப்பவர்தான் முதலில் போய்ச் சேருவார்.