பந்தல் கால்கள் மண்ணில் மக்காமல் இருக்க



பாகற்பந்தலுக்கு ஊன்றிய சவுக்குக் கால்கள், அடியில் தார் பூசியும் சீக்கிரமே முறிந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். முறிந்த காலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே தார் அப்படியே இருக்கும். உள்ளே விரல் வைத்தால் மரம் பொடியாக உதிரும். அதுவும் மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவில்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். கட்டை காயும்போது வெடிப்பு விடும். அந்த வழியே பூஞ்சையும் கரையானும் நுழைந்துவிடும். மருந்து கட்டைக்குள் இறங்கினால்தான் பலன்.

இதற்கு வழி கண்டவர் நம் நாட்டவரே. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோண்டி காமேசம் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த மருந்தை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் கரையானைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்துபோகாமல் மரத்தோடு பிணைக்கும். உலகெங்கும் மின்கம்பங்களுக்கு அது பயன்பட்டது. ஆனால் ஆர்சனிக் நஞ்சு என்பதால், அமெரிக்காவில் 2003 இறுதியோடு பெரும்பாலான வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் காய்கறிப் பந்தலுக்கும் அது வேண்டாம். ஆர்சனிக்குக்குப் பதில் போரிக் அமிலம் சேர்ந்த கலவையைக் கேட்டு வாங்குங்கள். வெண்காரத்தை மட்டும் நம்பாதீர்கள். மண் ஈரத்தில் கரைந்து போய்விடும்.

மரம் வெட்டிய ஈரம் காய்வதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும். பட்டையை உரித்து, நீளத்துக்கு அறுத்து, முனையையும் முதலிலேயே சீவிவிடுங்கள். பிறகு சீவினால் மருந்து ஏறாத மரம் வெளியே வந்துவிடும். உருண்டைக் கட்டையைச் சதுரமாகச் செதுக்கவும் வேண்டாம். மருந்தைக் குடிப்பது வெளிப்பக்கத்து வெளிறுதான், நடுவிலுள்ள வைரம் குடிக்காது. செம்பு உப்பு இரும்பை அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் டிரம்மில் அந்தக் கலவையின் கரைசலை ஊற்றி, அடிப்பக்கம் முழுகும்படி நிழலில் நிறுத்துங்கள். மேல்பக்கம் காயக் காயக் கரைசல் ஏறும். சில நாள் கழித்துத் தலைகீழாக மாற்றி வையுங்கள். எடுத்த பின் சில வாரம் மழை படாமல் அடுக்கி வைத்தால்தான் மருந்து மரத்தில் பிடிக்கும்.

கையுறை இல்லாமல் கரைசலைத் தொடாதீர்கள். மீந்ததை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். மருந்தேற்றிய துண்டு ஒன்றுகூட அடுப்புக்குப் போகக் கூடாது. அதன் புகையும் சாம்பலும் நஞ்சு. இதை வீட்டில் எல்லோரிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.