தன்மைப் பன்மை: கொரியத் தத்துப் பிள்ளைகளின் தன்வரலாறுகள்

தமிழிலக்கணத்தில் தன்மைப் பன்மை பற்றிய கொள்கை ஆழ்ந்து நோக்குதற்குரியது. பேசுவோன் எப்போதும் ஒருவனே. ஆதலின் 'நான்' பலவாகி 'நாம்' ஆவதில்லை. பேசுவோன் தன்னோடு பிறரை உளப்படுத்தும்போதே 'நாம்' பிறக்கிறது. இதுபற்றியே உரையாசிரியர்கள் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்றனர். கேட்போரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்'. கேட்போரை நீக்கி மற்றையோரைச் சேர்ப்பது 'நாங்கள்'. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான் உண்டு. அதனுள் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதைக் கேட்போரே உய்த்துணர வேண்டும்.

கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டோரும், குடியேறியோர் குடும்பத்தில் பிறந்தோரும் எழுதிய தன்வரலாறுகளைக் கற்கும்போது இவ்விலக்கணம் நமக்குப் பெரிதும் கைகொடுக்கிறது. 'நான் யார்?' என்பதே அவற்றின் வினா எனப் பலரும் கூறுவர். 'என் நாம் யார் யாரை உளப்படுத்தும்?' என்பதே அவற்றின் அடிப்படை வினா என்பது எமது துணிபு.

முதற்கண் வரலாறு சிறிது அறிதல் வேண்டும். 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போர் எண்ணற்ற சிறாரைப் பெற்றோரற்றவர் ஆக்கியது. 1955இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சார்ந்த ஹாரி ஹோல்ட் எண்மரைத் தத்தெடுத்தார். இரக்கத்திற் தொடங்கிய இச்செயல் பின்னர் நிறுவனங்களின் தொழிலாயிற்று. போர் ஓய்ந்த பின்னரும் ஏழையர், மணமாகாத தாயர் ஆகியோரின் குழந்தைகள் கடல் கடந்தனர். 1985ஆம் ஆண்டில் மட்டும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். மொத்தத் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சம் என்பர். இங்கு ஒரு நடைமுறையைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. பெற்றோர் உயிருடன் இருப்பினும், குழந்தையை அனாதை எனக் காட்டித் தனியொரு குடும்பப் பதிவேடு உருவாக்கப்பட்டது. அக்குடும்பத்தில் ஒரே உறுப்பினர், அக்குழந்தையே! பதிவேட்டின்படி அதற்குத் தன்மை ஒருமை மட்டுமே உண்டு.

கொரியரோ பேச்சில் பன்மையையே விரும்புவோர். தம் தாயை 'உரி ஒம்மா' என்பர். 'எங்கள் அம்மா' என்பது பொருள். உடன்பிறந்தார் இல்லாதவரும் அவ்வாறே கூறுவர். நம் பேச்சு வழக்கும் இதுவே. (ஒம்மா, அப்பா என்னும் கொரியச் சொற்களைக் கண்டு இரு மொழிக்கும் உறவு கொண்டாடுவார் நம்மிடையே உளர். குழவியர் வாயிற் பிறக்கும் இத்தகைய சொற்கள் பல மொழிகளில் ஒத்திருத்தல் இயல்பு. அதன்மேல் கோபுரம் எழுப்ப வேண்டா.)

டீயன் போர்ஷே லியம் என்னும் அம்மையார் 2000ஆம் ஆண்டில் தம் வாழ்வை ஆவணப் படமாக்கினார். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கின் 'தன்மைப் பன்மை' என்றே வரும். 1966இல் எட்டு வயதுச் சிறுமியாகக் கலிபோர்னியா வந்தவர் அவர். அங்கிருந்த குடும்பத்தார் சா ஜங் ஹீ என்னும் பெயருடைய அனாதைச் சிறுமிக்குத் திங்கள்தோறும் பணமும் கடிதமும் அனுப்பிவந்தனர். அவளையே தத்தெடுக்க விழைந்தனர். அதற்குள் அச்சிறுமியின் தந்தை அவளை அழைத்துச் சென்றுவிட்டார். விடுதியினரோ அவள் பெயரில் காங் ஓக் ஜின் என்னும் வேறொரு சிறுமியை அனுப்பிவிட்டனர். அவளே டீயன். ஆங்கிலம் கற்றதும் 'நான் அவள் அல்லேன்' என்றாள். அது வெறுங்கனவு என வளர்ப்புத் தாய் தேற்றினார். குழந்தையும் நம்பிவிட்டது. வளர்ந்தபின் தத்து ஆவணங்களுள், ஒரே பெயரில் இரு வேறு சிறுமியரின் ஒளிப்படங்களைக் கண்டபோதே உண்மை வெளிப்பட்டது. விடுதிக்கு எழுதினார், உடன்பிறந்த அண்ணனிடமிருந்து விடை வந்தது.

வளர்த்தோரை அழைத்துக்கொண்டு அவர் கொரியா செல்லும் பகுதியே அப்படத்தின் உச்சம். இரு தாயர்க்கும் தம் உள்ளத்தில் ஒருங்கே இடம் தர இயலவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஒரே அறையில் இருவரும் அமர்ந்திருக்க, இருவரையும் உளப்படுத்தி 'நாம்' என அவர் எம்மொழியிற் கூறுவது? கொரிய மொழியை அவர் மறந்துவிட்டார். ஆங்கிலமோ பெற்ற தாய்க்குத் தெரியாது. இடையே மொழிபெயர்ப்பாளர். பயன் கருதிக் கட்டிய கதைகளில் இத்தகைய அவலத்தைக் காண்டல் அரிது.

நிக்கோல் சுங் 2018இல் வெளியிட்ட தன்வரலாறு வேறு வகையினது. கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு அமெரிக்க மண்ணிலேயே குறைமாதத்தில் பிறந்து, வெள்ளையர் இல்லத்தில் வளர்ந்தவர் அவர். உன் நலம் கருதியே பெற்றோர் உன்னைப் பிரிந்தனர் என்னும் கதையைக் கேட்டே வளர்ந்தார். தாம் கருவுற்றிருந்த காலத்தில் தேடத் தொடங்கியவர்க்குக் கிடைத்த உண்மை கொடியது. குழந்தை இறந்துவிட்டது என்றே அவர்தம் தமக்கையரிடம் கூறப்பட்டிருந்தது. தம்முள் ஒருத்தியைத் தமக்கையர் உளப்படுத்தாமைக்குக் காரணம் வெறுப்பன்று. அவள் உளள் என்பதை அறியாமையே. இழந்த தமக்கை ஒருத்தியை அவர் பெற்றார் என்பது ஆறுதல்.

கிரேஸ் சோ தத்துப் பிள்ளை அல்லர். அமெரிக்கத் தந்தைக்கும் கொரியத் தாய்க்கும் பிறந்து, வாஷிங்டன் மாநிலச் சிற்றூரொன்றில் வளர்ந்தவர். மனநோயுற்ற தாயைப் பற்றி 2021இல் நூல் எழுதினார். தாய் பால்மாவை உண்ண மறுப்பார். அதில் அவர்க்குப் போரின் சுவை தெரிந்தது. நூலின் பெயரும் அதனின்று எழுந்ததே. இறுதி ஆண்டுகளில் மகள் கொரிய உணவு சமைத்துத் தாய்க்கு ஊட்டினார். மொழியால் கூடாத 'நாம்' உலைமுன் கூடிற்று எனலாம்.

2025 மார்ச்சுத் திங்களில் தென்கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் தத்துக் கொடுத்தலில் ஆவணங்கள் திரிக்கப்பட்டதையும் மனித உரிமைகள் மீறப்பட்டதையும் ஏற்று அறிவித்தது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கோரினார். ஆயினும் பொய்ப் பதிவேட்டை வைத்துத் தாயைத் தேடுவோர்க்கு அம்மன்னிப்பு முகவரி ஆகாது. அமெரிக்காவிலும் ஒரு சிக்கல் உண்டு. அயல்நாட்டுத் தத்துப் பிள்ளைகளுக்குத் தாமாகவே குடியுரிமை தரும் சட்டம் 2000இல் இயற்றப்பட்டது. 2001 பிப்ரவரி 27இல் நடைமுறைக்கு வந்தபோது பதினெட்டு வயது நிரம்பியோரை அது தழுவவில்லை. வளர்த்தோர் குடியுரிமை பெற்றுத்தரத் தவறியதும் அறியாது வாழ்ந்து, குற்ற வழக்குகளில் சிக்கிய சிலர் கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சியோல் நகரில் இறங்கியபோது அவர்க்கு அந்நாட்டு மொழி தெரியாது.